தொள்ளாயிரம் பாத்தும் ஒரு முன்பல்லும்

புவாஜானிடம் சிரித்துப் பேசுகிறவர்கள் வாயை அளவாகத் திறப்பது நல்லது. லாம்பூன் தொழிற்பேட்டை வாசலில், காலை ஷிப்டுக்கு முன்னால், சுட்ட பன்றி இறைச்சியும் ஒட்டரிசிச் சோறுமாக ஆட்கள் நிற்கிற நேரத்தில், யாராவது அவளைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்துவிட்டால் போதும். தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிவிடுவாள்.

"மேல கடவாய்ல ரெண்டு. சின்னதுதான். இப்பவே அடைச்சிட்டா தொள்ளாயிரத்துக்குள்ள முடிஞ்சிரும். ஆறப்போட்டேன்னா வேர் வரைக்கும் போயிரும். அப்புறம் என்கிட்ட வந்து அழாத."

அவள் வேலையும் ஏறக்குறைய இதுதான். ஆலையில் மின்னணுப் பாகங்களைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துக் கீறல் பார்க்கிற பிரிவில் இருபத்தாறு வருடமாக இருக்கிறாள். "கண்ணு பழகிப்போச்சு, நான் என்ன பண்ணட்டும்?" என்று கேட்பாள். அவளை நம்பாத மேலாளர்கூட ஒருமுறை கன்னம் வீங்கி வந்து, நாலு பேர் பார்க்கவே அவள் முன்னால் வாயைத் திறந்து காட்டினார்.

விலைகள் எல்லாம் அவள் தலைக்குள் இருக்கின்றன. எழுதி வைக்கிற பழக்கம் கிடையாது. சந்தைக்குப் பின்னால் இருக்கிற கிளினிக்கில் பல் சுத்தம் செய்ய எண்ணூறு. அதையே சியாங் மாயில் வெளிநாட்டுக்காரர்கள் வந்து இறங்குகிற தெருவில் செய்தால் இரண்டு மடங்கு; சோபாவும் குளிர்ந்த தண்ணீரும் உண்டு. "சோபாவுக்கு யாரு காசு குடுக்கறா? நீதான்!" தொழிலாளர் காப்பீட்டின் ஒட்டுப்படம் கதவில் இருக்கிற இடத்தில் கையிலிருந்து பணம் கட்ட வேண்டாம், இல்லாத இடத்தில் கட்டிவிட்டு ரசீதோடு அலைய வேண்டும். காப்பீடு தருவது வருடத்துக்குத் தொள்ளாயிரம் பாத். சுத்தம் செய்யலாம், அடைக்கலாம், பிடுங்கலாம். வேர் வைத்தியம் அதில் வராது. டிசம்பர் முடிந்தால் மிச்சம் கரைந்துவிடும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். புவாஜானுக்கு இது தானமே இல்லை. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த காசு. ஆகவே பிடித்துத்தான் பார்ப்பாள்.

அவள் கணவன் புன்மா, பின்னால் இரண்டு பெஞ்சு போட்ட நீல வண்டி ஓட்டுகிறவன். ஆலைச் சம்பளம் இல்லாததால் எல்லாருக்குமான அரசாங்க அட்டைதான் அவனுக்கு. அரசு ஆஸ்பத்திரியில் எட்டு மாதம் காத்திருந்து ஒரு பல்செட்டு வாங்கிவிட்டான். ஒரு காசு செலவில்லை. அதைச் சொல்லிக்காட்டாமல் அவனுக்கு ஒரு வேளைச் சோறு இறங்குவதில்லை.

"அடியே புவா, நீ மாசாமாசம் கட்டற. நான் சும்மாவே கடிக்கறேன்."

"எட்டு மாசம் கஞ்சி குடிச்சியே, அதையும் சேத்துச் சொல்லுய்யா."

அவளிடமும் ஒரு குறை உண்டு. பல வருடங்களுக்கு முன், தொகை இதைவிடக் குறைவாக இருந்த காலத்தில், ஒரு டிசம்பர் கடைசி நாளில் லேசாக வலித்த கடவாய்ப்பல்லோடு போனாள். புத்தாண்டு கழித்து வாருங்கள், அடைத்துவிடலாம் என்றார் டாக்டர். காசு வீணாகிவிடுமே என்று அன்றைக்கே பிடுங்கச் சொல்லிவிட்டாள். இந்தப் பக்கத்து ஆலைகளில் இப்படி நல்ல பல்லை இழந்தவர்கள் ஒருவர் இருவரல்ல. வருடக் கடைசி வந்துவிட்டால் புத்தி கொஞ்சம் தடுமாறத்தான் செய்கிறது. அன்றிலிருந்து புவாஜான் ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள். அன்றிலிருந்துதான் ஊரார் வாயையும் பார்க்கத் தொடங்கினாள்.

டிசம்பர் கடைசி வாரம் அவளுக்குத் திருவிழா. புன்மாவின் வண்டியில் பத்துப் பெண்களை ஏற்றிக்கொண்டு, சந்தைக்குப் பின்னால் இருக்கிற கிளினிக்குக்குப் போவாள். போன டிசம்பரில் அவர்களோடு தோங்கம் இருந்தாள். புவாஜானோடு ஒரே மேசையில் வேலை பார்க்கிறவள், நாலு வயது சின்னவள். மழைக்காலத்தில் மோட்டார் சைக்கிள் சறுக்கி விழுந்ததில் தோங்கத்துக்கு முன்பல்லில் அடி. பல் கறுத்து, அந்த வாரம் வலியும் வந்திருந்தது. பிப்ரவரியில் அவள் மகளுக்குக் கல்யாணம்.

புத்தாண்டு விடுமுறைக்கு முன் கிளினிக்குக்கு அதுதான் கடைசி நாள். டாக்டர் பார்த்துவிட்டு அனுப்பிய தோங்கம் முன்மேசைக்கு வந்து, "பிடுங்கறதுக்கே எழுதிக்கம்மா" என்றாள்.

புவாஜான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "என்னடி சொல்ற? அடைக்கத்தானே வந்தோம்?"

"அடைச்சா நிக்காதாம் அக்கா. உள்ள செத்துப்போச்சாம். வேர் வைத்தியம்னா ஆறாயிரம். பிடுங்கறதுன்னா இதுலயே முடிஞ்சிரும். கல்யாணச் செலவு கழுத்தை நெரிக்குது, நான் போய் பல்லுக்கு அழுவேனா?"

"பிடுங்கிட்டு?"

"ஒத்தைப் பல்லு செட்டு மாட்டிக்கறேன்."

"மாட்டிக்க. சோத்து உருண்டையக் கடிக்கறப்ப அது சம்பந்தி தட்டுல போய் விழும்."

காத்திருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். தோங்கம் சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்தது. "காசு வீணாப் போகுதே அக்கா. இன்னைக்கு விட்டா போச்சு."

"போனா போகட்டும்டி. ஜனவரி ஒண்ணாந்தேதி புதுத் தொள்ளாயிரம் வரும். புதுப் பல்லு வராது."

முன்மேசைப் பெண் தலையை நீட்டினாள். "புவா அக்கா, அடுத்தது நீங்கதான். நாலரைக்கு மூடிருவோம்." புவாஜானுக்கு அடைக்க வேண்டிய பல் ஒன்று இருந்தது. முழுத் தொள்ளாயிரமும் அப்படியே கிடந்தது. பொழுது மதியம் இரண்டைத் தாண்டியிருந்தது.

"மூடிக்கம்மா" என்றாள். தோங்கத்தை இழுத்துக்கொண்டு வெளியே வந்து, வண்டியில் தூங்கிக்கொண்டிருந்த புன்மாவை எழுப்பினாள். "எடுய்யா வண்டிய. சியாங் மாய்க்கு."

அங்கே பல்கலைக்கழகப் பல் மருத்துவமனையில், வலியோடு வருகிறவர்களை மாலை நாலு மணி வரை பார்ப்பார்கள். படிக்கிற பிள்ளைகள் ஆசிரியர் மேற்பார்வையில் செய்வதால் செலவு பாதிதான். பொறுமைதான் இரட்டிப்பாக வேண்டும். இதெல்லாம் புவாஜானுக்கு மனப்பாடம். தோங்கத்துக்கோ அந்தப் பெரிய கட்டடத்தைப் பார்த்ததும் கால் வரவில்லை. புவாஜான் அவள் கையைப் பிடித்துப் படியேற்றி, படிவத்தை நிரப்பி, மூன்றே முக்காலுக்கு உள்ளே அனுப்பிவிட்டாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாம்பாங் ஊர்க்காரரிடம் அவர்கள் ஊரில் பல்லுக்கு உறை போட என்ன விலை என்று விசாரிக்கத் தொடங்கினாள். அவர் வாயைத் திறந்து காட்டியும் விட்டார். அந்த ஒன்றரை மணி நேரமும் அவள் நிம்மதியாகவே இருந்தாள் என்று புன்மா இன்றும் சொல்வான்.

கதவு திறந்து தோங்கம் வந்தாள். மேலுதடு மரத்துப்போய்ப் பேச்சு குழறியது. "பிடுங்கல அக்கா. உள்ள திறந்து மருந்து வச்சிருக்காங்க. இன்னும் மூணு தடவை வரணுமாம். பல்லு நிக்குமாம்."

சொல்லிக்கொண்டே வந்தவள் சுவரில் மணியைப் பார்த்தாள். ஐந்து இருபது. முகம் மாறிவிட்டது.

"அக்கா, அங்க மூடியிருப்பாங்களே! உன் தொள்ளாயிரம்?"

மரத்த உதட்டின் ஓரத்தில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை. புவாஜான் தன் சட்டைக்கையை விரல் வரை இழுத்துவிட்டு, அதை மெதுவாகத் துடைத்துவிட்டாள்.