அழுத்திப் பார்க்காதீர்கள், இது டிரைவரின் கழுத்து

சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே என்று புதிய டிரைவர்களுக்கெல்லாம் தொண்டை வறளப் பாடம் எடுத்தவர் அவர்தான். ஒருநாள் அவசரத்தில் அவரே திறந்தார். பீறிட்ட கொதிநீர் வலது தாடையிலிருந்து தோள்வரை வேகவைத்தது. புண் ஆறியது, தழும்பு அடங்கவில்லை. முறுக்கிய கயிறுபோலத் தடித்து எழுந்து, தலையை வலப்பக்கமே இழுத்துப் பிடித்துக்கொண்டது.

இடப்பக்கக் கண்ணாடியைப் பார்க்க முடியாதவரிடம் பஸ்ஸை யார் கொடுப்பார்கள்? டிப்போ வாசலில் நாற்காலி கொடுத்தார்கள். வண்டி ஓட்டியவர், வண்டி போவதை வேடிக்கை பார்த்தார்.

கடைசியில் ஒரு டாக்டர் வழி சொன்னார். "வயித்துலருந்து கொஞ்சம் கொழுப்பை உறிஞ்சி, சுத்தம் பண்ணி, மெல்லிய குழாயால தழும்புக்கு அடியில ஏத்துவோம். இறுகினது மெதுவா இளகும். மாசக்கணக்கு ஆகும்."

"தாராளமா எடுத்துக்குங்க டாக்டர். மிச்சத்தைத் திருப்பித் தரவேணாம்" என்றாள் மனைவி.

"ஒண்ணு மட்டும். ஏத்தினது உள்ள பிடிக்கிறவரைக்கும் அந்த இடத்தை யாரும் அமுக்கக் கூடாது."

இதைவிடச் சுலபமான பத்தியம் உலகத்தில் உண்டா? உண்டு என்பது வீட்டுக்கு வந்ததும் தெரிந்தது.

முதலில் மச்சினன். "இளகிடுச்சா மாமா?" வாய் கேட்கும்போதே விரல் கழுத்தில். அடுத்து, கடையில் பழத்தை அமுக்கிப் பார்த்தே வாங்கும் பக்கத்து வீட்டம்மா. டிப்போ மெக்கானிக்கோ டயரைச் சோதிக்கிற கட்டைவிரலை அப்படியே பதித்து, "காத்து போதும்ணே" என்று சான்றிதழும் தந்தான்.

"அமுக்காதேன்னு சொன்னேன்ல?"

"அமுக்கலண்ணே. தொட்டுத்தான் பார்த்தேன்."

ஊரில் அமுக்கியவர் ஒருவருமில்லை, எல்லோரும் தொட்டுத்தான் பார்த்தார்கள். அவர் தூங்கும்போது மனைவியும் தொட்டுப் பார்த்து மாட்டிக்கொண்டாள். "எனக்கு மட்டும் ஆசை இருக்காதா?" என்று திருப்பிக் கேட்டாள். அவர் சுவர்ப்பக்கம் புரண்டார். சுவருக்கு விரல் இல்லை.

மறுபரிசோதனையில் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "ஏத்தினதுல கொஞ்சம் கரையிறது வழக்கம்தான். ஆனா இங்க மட்டும் குழி விழுந்திருக்கே. யாராவது அமுக்கினாங்களா?"

"அமுக்காதவங்க யாருன்னு கேளுங்க டாக்டர், சீக்கிரம் சொல்லிடுவேன்."

இன்னொரு தடவை ஏற்ற வேண்டியதாயிற்று. இம்முறை மனைவி வாசலிலேயே நின்றாள். நலம் விசாரிக்க வந்தவர்கள் ஜன்னல் வழியே விசாரித்துவிட்டுத் திரும்பினார்கள். மச்சினன் கோபித்துக்கொண்டு போனான். போகட்டும்.

மாதங்கள் கழிந்தன. கயிறு நாடாவாயிற்று. தழும்பு போய்விடவில்லை, பிடிவாதம்தான் தளர்ந்தது. மறுபடி பஸ் கேட்டு எழுதிப் போட்டார். ஓட்டிக் காட்டச் சொல்லி, இடப்பக்க இருக்கையில் ஓர் அதிகாரி வந்து உட்கார்ந்தார்.

வண்டி கிளம்பவில்லை. டிரைவர் ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகாரி முன்னால் சாய்ந்து, கழுத்தின் வலப்பக்கத் தழும்பையே எட்டிப் பார்த்தார். பெரிய பதவி, படித்த மனிதர். ஆனாலும் விரல் மெல்ல நீண்டது.

"சார்!" தலை வெடுக்கென்று இடப்பக்கம் திரும்பியது. "கையை இறக்குங்க!"

அதிகாரி கையை மடியில் போட்டுக்கொண்டார். "சும்மா தொட்டு..."

"தெரியும் சார். எல்லாரும் அதான் சொன்னாங்க."

அதற்குள் அதிகாரியின் தோளுக்கு அப்பால், இடப்பக்கக் கண்ணாடியில், பின்னால் ஒரு சைக்கிள் ஒதுங்கிப் போவது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. அது கடக்கும்வரை காத்திருந்து, கியரைப் போட்டார்.