மூத்தவள் படுத்த இடம்

பேத்தி ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். அவளோடு ஒரே லைனில் நிற்கிற பெண்கள் நாலு பேர், சேர்ந்தாற்போல ரெண்டு நாள் லீவு வருகிறது என்று, மலைக்குள்ளே ஆற்றோரமாகக் கூடாரம் போட்டுத் தங்கப் போகிறார்களாம். ஒரு வாரமாக வீட்டில் அதே பேச்சு. போனைத் தள்ளித் தள்ளி இடம் பார்க்கிறாள்.

"ஆயா, இத பாரு. இங்க ஆறு கிட்டவே இருக்குது, ஆனா பாத்ரூம் தூரம். இது மேட்டுல இருக்குது, காத்து சும்மா பிச்சிக்கும். எதுக்குப் போலாம், நீ சொல்லு."

என்னை ஒருத்தர் இப்படிக் கேட்டால் எனக்கு வாய் வராது. "ரெண்டும் நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்கு ஞாபகம் வந்ததும் ஒரு மேடும் ஒரு ஆற்றங்கரையும்தான். அங்கே எங்களுக்கு இடம் பார்த்துச் சொன்னது ஒரு மாடு. மாடு என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் ஊர் ஓசூருக்குத் தெற்கே, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் இருந்தது. கேழ்வரகு அறுத்து, காடெல்லாம் காய்ந்துபோனால் மாட்டுக்கு மேய ஒன்றும் இருக்காது. சித்திரை பிறந்ததும் மாடுகளை மலைக்குள் ஓட்டிக்கொண்டு போய், தண்ணீர் இருக்கிற இடமாகப் பார்த்துப் பட்டி போடுவார்கள். பட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. முள் வெட்டி வட்டமாக ஒரு வேலி, உள்ளே மாடு, ஓரத்தில் ஆட்கள் படுக்க ஒரு குடிசை. ஊரில் மழை இறங்கிப் புல் முளைக்கிறவரை அங்கேதான் சோறும் தூக்கமும். ஆம்பிளைகள்தான் போவார்கள். நான் மூன்றாம் வகுப்பு முடித்த வருஷம், கூட வருகிற ஆள் காலில் முள் ஏறி வீங்கிப் படுத்துக்கொண்டான். அதனால் அப்பா, சித்தப்பாவோடு அம்மாவும் புறப்பட்டாள். அம்மா போனால் நானும்.

முப்பது மாடு. ரெண்டு நாள் நடை. அந்த ரெண்டு நாளும் அப்பாவும் சித்தப்பாவும் ஒரே சண்டையை விட்டு விட்டுப் போட்டார்கள். போகிற இடத்தில் ஆற்றை ஒட்டி மணல் கரை ஒன்று உண்டு. அதற்கு மேலே, செங்குத்தாக ஏறினால் ஒரு மேடு உண்டு. பட்டி எங்கே போடுவது என்பதுதான் சண்டை.

"மேட்டுல போட்டா காத்து வரும். யானை வந்தா தூரத்துலயே தெரியும். கோடை மழை பேஞ்சாலும் ஆறு நம்மள ஒன்னும் பண்ணாது" என்பார் அப்பா.

"யானைக்கு மேடு ஏறத் தெரியாதா அண்ணா? தெனம் ரெண்டு வாட்டி முப்பது மாட்ட தண்ணிக்கு எறக்கி ஏத்தறது யாரு, நான்தானே? நீ கல்லு மேல குந்திக்கினு பீடி குடிப்ப" என்பார் சித்தப்பா.

"உன் முட்டி வலிக்குதுன்னு மாட்ட ஆத்துல உடச் சொல்றியா?"

சட்டி பானை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பின்னால் அம்மா வந்துகொண்டிருந்தாள். "ஆத்தங்கரையா இருந்தா தண்ணிக்கும் கிட்ட" என்று ஒருதரம் சொன்னாள். அப்பா திரும்பிப் பார்க்காமல், "பேசாம வாமே" என்றார். கோபமெல்லாம் இல்லை. நடக்கிறபோது முகத்தில் இடிக்கிற கிளையை ஒதுக்குவோமே, அது மாதிரி சொன்னார்.

அம்மா அந்த வழியில் மூட்டையை அடிக்கடி இறக்கி வைத்தாள். நான் அதைச் சோம்பல் என்று நினைத்தேன்.

சண்டை தீர எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ரெண்டு இடம் ஒத்து வந்து, எது என்று முடிவாகாமல் போனால், மந்தையில் வயசான பசுவை அவிழ்த்து விட்டுவிடுவார்கள். அதை யாரும் ஓட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது. அது தானாக எங்கே போய்ப் படுத்து அசை போடுகிறதோ அங்கேதான் பட்டி. படுத்துவிட்டு அசை போடாமல் எழுந்துவிட்டால் அந்த இடம் செல்லாது. பூமிக்குள்ளே இருப்பது மாட்டுக்குத்தான் தெரியும் என்பார் அப்பா. எங்கள் மந்தையில் அப்படி இடம் சொல்கிற பசுவுக்கு மூத்தவள் என்று பெயர். ஒரு கொம்பு முன்னால் வளைந்து கண்ணை மறைக்கும். அப்பா அம்மாவிடம் ஒரு நாளில் பேசுவதைவிட மூத்தவளிடம் அதிகம் பேசுவார்.

ரெண்டாம் நாள் உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தோம். எனக்கு அந்த ஆற்றங்கரையைப் பார்த்ததுமே ஆசை பிடித்துக்கொண்டது. வெள்ளை மணல். பாறைக்கு நடுவில் மடு. அதில் விரல் நீளம் மீன்கள் கூட்டமாகத் திரும்பித் திரும்பி ஓடின. மேட்டில் என்ன இருக்கிறது என்று ஏறிப் பார்த்தேன். கல்லும் காய்ந்த புல்லும்தான். எனக்கு ஆற்றங்கரைதான் வேண்டும். ஆனால் என்னை யார் கேட்கப்போகிறார்கள்?

மாடுகள் இளைப்பாறட்டும், அப்புறம் மூத்தவளை விடலாம் என்று அப்பாவும் சித்தப்பாவும் மரத்தடியில் துண்டை விரித்துச் சாய்ந்தார்கள். அம்மா மூட்டைகளைப் பிரித்தாள். மாட்டுக்கு என்று கொண்டுவந்த கல்லுப்பு மூட்டையையும் அவிழ்த்தாள். ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டு, ஆற்றைப் பார்த்தபடி, "உப்பு கண்ட எடத்த மாடு லேசுல உடாது" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரியும் இல்லை. அப்புறம் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணிக்குப் போய்விட்டாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

பாவாடையை மடித்துப் பிடித்து, ரெண்டு கை நிறைய உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டேன். கரையில் ஒரு பெரிய மருத மரம் நின்றது. அதன் நிழலில் மண்ணோடு கலந்து தூவினேன். மேலே சருகைத் தள்ளி மூடினேன். திரும்பி வந்து, ஒன்றும் தெரியாத மாதிரி ஒரு கன்றுக்குட்டிக்கு உண்ணி பிடுங்க உட்கார்ந்துவிட்டேன்.

வெயில் சாய்ந்ததும் மூத்தவளை அவிழ்த்து விட்டார்கள். அவள் நேராக மேட்டுப் பக்கம் நடந்தாள். அப்பா சித்தப்பாவைப் பார்த்து மீசையைத் தடவினார். பாதி ஏறியவள் நின்றாள். மூக்கைத் தூக்கிக் காற்றை இழுத்தாள். திரும்பி இறங்கி மருத மரத்தடிக்கு வந்து சருகை மூக்கால் தள்ளிவிட்டு நக்க ஆரம்பித்தாள்.

நக்கினாள், நக்கினாள், நக்கிக்கொண்டே நின்றாள். படுக்கிற வழியாகத் தெரியவில்லை. உப்பு வைத்தால் மாடு வரும் என்று யோசித்த எனக்கு, உப்பு தீருகிறவரை அது படுக்காது என்று யோசிக்கத் தெரியவில்லை.

"என்னா அண்ணா, உன் மாடு நெலத்தக் கூட்டுது" என்றார் சித்தப்பா.

"ஏதோ வேர் வாசம் புடிக்குது. பேசாம இரு."

ஒரு வழியாக நக்கி முடித்து, தாகம் எடுத்து, ஆற்றில் இறங்கி வயிறு முட்டக் குடித்தாள். குடித்த பிறகு வேறெங்கே போவாள்? நிழலுக்கு வந்து, முன்னங்காலை மடக்கிப் பொத்தென்று படுத்தாள். தாடை ஆடியது. அசை போட்டாள். சித்தப்பா துண்டை எடுத்து வானத்தில் வீசினார். அப்பா வந்து கற்பூரம் ஏற்றினார். மாடு சொன்ன பிறகு பேச்சு கிடையாது.

மூத்தவள் எழுந்து போனதும் அம்மா அங்கே வந்து நின்று தரையைப் பார்த்தாள். நாக்கு இழுத்த தடம் தடமாக இருந்தது. நடுநடுவே வெள்ளையாக நாலைந்து கல். என்னைப் பார்த்தாள். நான் கன்றுக்குட்டியின் காதுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா போய்ச் சாணியைக் கரைத்து எடுத்துவந்து, அந்த இடம் பூரா தெளித்துக் காலால் மெழுகிவிட்டாள். நல்ல காரியத்துக்குச் செய்கிறாள் என்று அப்பாவுக்குச் சந்தோஷம்.

என் பக்கத்தில் வந்தபோது, "பாவாடைய அலசிக்கினு வா. உப்பு பூத்திருக்குது" என்றாள். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் வந்த பத்து நாள் மாதிரி சுகமான நாள் எனக்கு வாழ்க்கையில் குறைவு. துண்டை விரித்து மீன் பிடித்தேன். அம்மா வேலை முடிந்ததும் காலை ஆற்றில் விட்டுக்கொண்டு பாறைமேல் உட்காருவாள். ஊரில் அவள் அப்படிச் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பதினோராம் நாளோ என்னவோ, மத்தியானத்துக்கு மேல் மேற்கே மலை கறுத்தது. எங்களுக்கு ஒரு சொட்டு மழை இல்லை. மூத்தவள் மட்டும் மேய்ச்சலை விட்டுவிட்டு மேட்டைப் பார்த்து ஏற ஆரம்பித்தாள். அவள் பின்னால் மற்ற மாடுகளும் ஏறின. "ஆறு வருது, ஏறுங்க!" என்று அப்பா கத்தினார். கன்றுகளை இழுத்துக்கொண்டு நாங்கள் பாதி ஏறுவதற்குள் செம்மண் தண்ணீர், கட்டையும் சருகுமாக வந்து மருத மரத்தைச் சுற்றிக்கொண்டது. வேலி போயிற்று. குடிசை போயிற்று. கேழ்வரகு மாவு மூட்டையும் பெரிய சட்டியும் போயின. ஆளுக்கும் மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அப்பாவுக்கு மாவு போனது பெரிதாகத் தெரியவில்லை. மூத்தவள் வாக்கு பொய்த்ததுதான் அவரால் தாங்க முடியவில்லை. மேட்டில் புது வேலி கட்டுகிறபோதெல்லாம் அவளைப் பார்ப்பார், பார்வையைத் திருப்பிக்கொள்வார். அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

"வயசாயிடுச்சு அண்ணா. புத்தி மழுங்கிப் போச்சு. எடம் சொல்லாத மாட்ட வெச்சிக்கினு என்னா பண்றது? சந்தைக்கு ஓட்டிடலாம்" என்றார் சித்தப்பா. ஆற்றங்கரை வேண்டும் என்று ரெண்டு நாள் சண்டை போட்டவர் அவர்தான். அது அவருக்கு ஞாபகமே இல்லை.

அந்த வயசு மாட்டைச் சந்தையில் யார் வாங்குவார்கள், எதற்கு வாங்குவார்கள் என்று எனக்குக்கூடத் தெரியும். அடிமாட்டு லாரி எங்கள் ஊர் வழியாகத்தான் போகும்.

மறுநாள் காலையில் அப்பா கயிறு எடுத்தார். மூத்தவள் தானாகவே கழுத்தைக் கொடுத்தாள். நான் ஓடிப்போய் அப்பா முன்னால் நின்றேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் நின்றேன். வாயைத் திறந்தேன். "அப்பா, அது..." என்பதற்கு மேல் வரவில்லை. எனக்கு அப்போதே அப்படித்தான், நெஞ்சில் இருப்பது தொண்டைக்கு வந்து நின்றுவிடும்.

"என்னா புள்ள? தள்ளு."

அடுப்பு ஊதிக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்தாள்.

"அதும் மேல தப்பு இல்ல. உப்பு நான்தான் போட்டேன்" என்றாள்.

அப்பாவுக்குப் புரியவில்லை. "எந்த உப்பு?"

"மருத மரத்தடியில. மாடு படுக்கட்டும்னு."

சித்தப்பா வாயைப் பிளந்தார். "அடப்பாவி அண்ணி!"

"எதுக்குமே?" என்று கேட்டார் அப்பா. அவர் குரல் எழும்பவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"இந்த மேட்டுக்கு என்னால தண்ணி தூக்க முடியாது. அதுக்குத்தான்."

"வாயத் தெறந்து சொல்றதுதானே?"

"சொன்னனே. வழியில."

அப்பா கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எந்த வழியில், எப்போது என்று யோசித்தாரோ என்னவோ. அப்புறம் மூத்தவளின் கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றி, சுருட்டி, வேலியில் மாட்டிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

திரும்பி வருகிறபோது தோளில் ஒரு மூங்கில் கழி, ரெண்டு பக்கமும் மண்ணெண்ணெய் டின் நிறையத் தண்ணீர். எங்கள் ஊரில் ஆம்பிளை வீட்டுக்குத் தண்ணீர் தூக்கி நான் பார்த்ததில்லை. சித்தப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"எந்தச் சாமிக்கு அண்ணா காவடி?"

"மூடிக்கினு மாட்ட ஓட்டு."

மழை இறங்கி ஊர் திரும்புகிறவரை அப்பாதான் தண்ணீர் தூக்கினார். உப்பைப் பற்றி அவர் ஒருநாளும் பேசவில்லை. மூத்தவளிடம் மறுபடி பேச ஆரம்பித்தார்.

எனக்காக அம்மா பழியை ஏற்றுக்கொண்டாள் என்று நான் உருகிப் போனேன். ஒருநாள் அவள் தலை சீவி விடுகிறபோது, "எனுக்கோசரம் ஏம்மா பொய் சொன்ன?" என்று கேட்டேன்.

"யாரு பொய் சொன்னது?" என்று சொல்லி, சீப்பால் மண்டையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

ஆடி மாதம் தம்பி பிறந்தான். அந்த மேட்டையும், அம்மா மூட்டையை இறக்கி இறக்கி வைத்ததையும், தம்பியையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை. கல்யாணமாகி, என் மகளை வயிற்றில் வைத்துக்கொண்டு, பள்ளத்திலிருந்த அடிபம்பிலிருந்து குடத்தோடு ஏறியபோது, பாதியில் குடத்தை இறக்கி வைத்தேன். அன்றைக்குத்தான் தெரிந்தது. மூத்தவளைக் கேட்டார்கள், அம்மாவைக் கேட்கவில்லை.

உப்பு விஷயம் புரிய இன்னும் பல வருஷம் ஆயிற்று. அம்மா செத்த பிறகு, அவள் பரணில் வைத்திருந்த விதை மூட்டைகளை அவிழ்க்க உட்கார்ந்தேன். ஒரு முடிச்சும் அவிழவில்லை. தம்பி பல்லால் கடித்து இழுத்தான். அம்மா எதைக் கட்டினாலும் அப்படித்தான் கட்டுவாள். ஈரம் பட்டால் கரைந்துவிடும் என்று உப்பு மூட்டையை மட்டும் ரெண்டு முடிச்சுப் போடுவாள். அப்படிப்பட்டவள் அன்றைக்கு ஆற்றங்கரையில் உப்பு மூட்டையின் வாயைத் திறந்துபோட்டு, மாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டு, என்னைத் தனியாக விட்டுத் தண்ணிக்குப் போயிருக்கிறாள்.

உப்பைத் தூவிவிட்டு வந்து கன்றுக்குட்டிக்கு உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்த எனக்கு அதெல்லாம் தோன்றவே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் மெச்சாத என் மூளையை நானே மெச்சிக்கொண்டது அன்று ஒருநாள்தான்.