ஆறு நாட்டுக் கையெழுத்துகள்

டென்மார்க்கின் ஒடென்சே நகரில் நான் வேலை செய்த பல்கலைக்கழகத்துக்கு ஒரு பெருமை இருந்தது. ஐரோப்பாவின் ஆறு நாட்டு ஆய்வாளர்களை ஒரே திட்டத்தில் சேர்த்து, எல்லோருடைய கையெழுத்தையும் வாங்கி, விண்ணப்பத்தைக் குறித்த நாளுக்கு முன்பே பிரசல்ஸுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வேலையில் அவர்களை அடிக்க ஆளில்லை. இதை நான் வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன். அதே வருடங்களில், என்னிடம் வந்து சேர என் மனைவி போட்ட ஒரே ஒரு விண்ணப்பம் தலைநகரில் ஓர் அலுவலகத்தில் கிடந்தது.

நான் அகதியாக வந்து, இருப்பதற்கு அனுமதி கிடைத்து, கடற்பாசி ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவும் வேலையில் சேர்ந்தேன். ஊரில் விஞ்ஞானம் படிப்பித்தவன் என்று தெரிந்தபிறகு, விண்ணப்பக் காலங்களில் பிரதி எடுக்கவும் தாள்களை அடுக்கவும் மேல்மாடிக்குக் கூப்பிட்டார்கள். மனைவி யாழ்ப்பாணத்தில் மாணவர்களுக்குத் தாவரவியல் செய்முறை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். கடல்நீரேரிப் பாசிகளைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது.

மேல்மாடியை நடத்தியவர் ஒரு வயதான செயலாளர், டேனிஷ்காரி. எந்தத் தாளையும் அவர் கிடக்க விடமாட்டார். வியாழக்கிழமை காலையில் கோப்பியோடு உட்கார்ந்து, பட்டியலின் மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு நாட்டுக்கும் தொலைபேசி எடுப்பார். ஒருமுறை இத்தாலியப் பேராசிரியர் ஒருவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தார். செயலாளர் அவருடைய மனைவியின் இருமலை விசாரித்தார், நாயை விசாரித்தார், கடைசியில் தாள் எப்போது வரும் என்று கேட்டார். அடுத்த வியாழனும் அதே இருமல், அதே நாய். ஐந்தாவது வாரம் தாள் வந்து சேர்ந்தது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது நம்முடைய பழமொழி. அதைக் கடைப்பிடித்தவர் அவர்.

“உன் மனைவியின் தாள் எங்கே நிற்கிறது?” என்று ஒருநாள் என்னைக் கேட்டார்.

“வரிசையில் நிற்கிறது.”

“யார் சொன்னது? கேட்டுப் பார்த்தாயா?”

நான் சிரித்து மழுப்பினேன். கேட்கவில்லை. நான் வளர்ந்த ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலக வாசலில் மூன்று நாள் வாய் திறக்காமல் நிற்பவனுக்குத்தான் காரியம் நடக்கும். அவசரப்படுத்தினால் கோப்பு அடியில் போய்விடும். தன் மனைவிக்காக அதே வரிசையில் காத்திருந்த, என்னோடு ஒரே வீட்டில் இருந்த மன்னார் அண்ணையும் அதைத்தான் சொன்னார்.

“தம்பி, கரைச்சல் குடுக்காதை. இவங்கடை நாட்டிலை வரிசை எண்டா வரிசைதான். எங்கடை முறை வரும்.”

“ஓம் அண்ணை,” என்றேன்.

அந்த வசந்தத்தில் புதிய திட்டம் ஒன்று தயாரானது. விண்ணப்பத்தில் ‘எங்கள் பலம்’ என்று ஒரு பக்கம் இருந்தது. எந்த நாட்டு ஆளையும் தேவையான நேரத்தில் ஒரே மேசைக்குக் கொண்டுவர எங்களால் முடியும் என்று அதில் எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை நான்தான் பிரதி எடுத்தேன். என் மனைவியைப் பற்றிச் செயலாளர் சொல்லியிருக்கவேண்டும், அடுத்த நாள் திட்டத்தை நடத்திய பேராசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

“வெப்பக் கடல் பாசி தெரிந்தவர் எங்கள் திட்டத்தில் ஒருவரும் இல்லை. உன் மனைவியை மூன்று மாத விருந்தினராக அழைக்கிறேன். இது எங்களுக்குக் கைவந்த வேலை.”

கையெழுத்தும் முத்திரையும் வைத்த அழைப்புக் கடிதத்தைக் கையில் தந்தார். கூடவே நான் நிரப்பவேண்டிய ஒரு படிவம். மூன்று மாதம் முடிந்ததும் அவள் திரும்பிப் போய்விடுவாள் என்று நான் உறுதி சொல்லவேண்டும்.

அவள் திரும்பிப் போகமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். தலைநகரில் கிடந்த விண்ணப்பம் அவள் என்னோடு வாழ வருகிறாள் என்றது. இந்தப் படிவம் வந்துவிட்டுப் போவாள் என்றது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பொய்யர்கள் என்று இரண்டையும் மூடிவிடுவார்கள் என்று பயந்தேன். பயத்துக்குள் ஒரு திமிரும் இருந்தது: என் மனைவி பொய் எழுதி வந்தவள் என்று ஒருவரும் சொல்லக்கூடாது. மன்னார் அண்ணையிடம் கேட்டேன். “இருக்கிறதும் போயிடும் தம்பி,” என்றார்.

அவளுக்கு விடுமுறை கிடைக்கவில்லை என்று பேராசிரியரிடம் சொன்னேன். பொய் சொல்ல அஞ்சியவன் சொன்ன பொய் அது. அவர் நம்பினார். செயலாளர் நம்பவில்லை, என்னை ஒருதரம் பார்த்துவிட்டுத் தட்டச்சுக்குத் திரும்பினார். மேசை லாச்சியை இழுத்துக் கடிதத்தை உள்ளே வைத்தேன். மனைவிக்கு அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

மாதங்கள் போயின. ஊரில் சண்டை பெருத்தது. ஒருநாள் கொழும்பிலிருந்து அவளுடைய தம்பி தொலைபேசியில் வந்தான்.

“அத்தான், அக்கா இல்லை.”

வகுப்பு முடிந்து சைக்கிளில் வரும் வழியில் ஷெல் விழுந்திருந்தது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். அவளுடைய குழியில் ஒரு பிடி மண் போடக்கூட என்னால் போக முடியவில்லை.

பிறகு டேனிஷ் பத்திரிகைகள் ‘தமிழர் வழக்கு’ என்று எழுதத் தொடங்கின. செயலாளர் பத்திரிகையை என் முன்னால் விரித்து, எனக்கு விளங்கும்படி மெதுவாக வாசித்தார். நீதியமைச்சரின் சொல்படி எங்களைப் போன்றவர்களின் குடும்ப விண்ணப்பங்களைத் தொடாமல் ஒதுக்கி வைத்திருந்தார்கள். வரிசை என்று ஒன்றே இருக்கவில்லை. நான் இல்லாத வரிசையில் ஒழுங்காக நின்றிருக்கிறேன். அவர்கள்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆனால் அவர்களைத் திட்டி முடித்ததும் லாச்சி ஞாபகம் வந்துவிடும். அதற்கு யாரைத் திட்டுவது?

மன்னார் அண்ணையின் மனைவி பின்னர் வந்து சேர்ந்தார். அவர்கள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் என் மனைவியின் தம்பி ஒரு பிஸ்கற் டின்னைக் கொடுத்துவிட்டிருந்தான். உள்ளே அவளுடைய புதுக் கடவுச்சீட்டு, ஒரு பக்கத்திலும் முத்திரை இல்லாமல். அதன் மேல் நான் அவளுக்கு எழுதிய கடைசிக் கடிதம். அதற்கு முன் எனக்கு எழுதிய கடிதத்தில் அவள் கேட்டிருந்தாள்: ‘எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு ஏதும் வழி இருந்தால் எழுதுங்கோ.’ அதற்கு நான் என் வடிவான கையெழுத்தில் பதில் எழுதியிருந்தேன்: ‘வேறு ஒரு வழியும் இல்லை. கொஞ்சம் பொறும். வரிசை நகர்கிறது.’

லாச்சியைத் திறந்து பேராசிரியரின் அழைப்பை எடுத்தேன். அதில் அவளுடைய முழுப்பெயர் பிழையில்லாமல் எழுதியிருந்தது. அதையும் அந்த டின்னுக்குள் வைத்து மூடினேன்.