டூரீன் கடற்கரைத் தீர்ப்பு

மாலகி டூயி யார் கையைப் பிடித்தும் மேலே வந்தவர் இல்லை. மாட்டுத் தரகரின் ஏழாவது பிள்ளை. பதினாலு வயதில் வக்கீல் ஆபீசில் காகிதம் தூக்கப் போனார். தூக்கின காகிதத்தையே படித்துப் படித்து முப்பதில் வக்கீல், நாற்பதில் மாவட்ட நீதிபதி. டப்ளினில் பெரிய காலேஜ் வாசலை மிதிக்காத மனுஷன்! அயர்லாந்தின் அந்த மேற்குக் கரையில் அப்படி இன்னொரு ஆளைக் காட்டட்டும், பார்க்கலாம்.

இருபத்தெட்டு வருஷம், ஏழு ஊர் கோர்ட். எல்லாக் கூரையும் ஒழுகும். கணப்பில் சதுப்புமண் கட்டி எரிவதைவிடப் புகைவதே அதிகம். வேலி தாண்டின கழுதை, விளக்கில்லாத சைக்கிள், லைசென்ஸ் இல்லாத நாய் என்று கேட்டுக் கேட்டு அறுபத்தெட்டு வயதில் எலும்பெல்லாம் அலுத்துப் போயிருந்தது. இன்னும் இரண்டு மாதம் ஓட்டினால் பென்ஷன். மிச்சமிருந்த தெம்பு ஒன்றுதான்: அவர் தீர்ப்பை மேல் கோர்ட் ஒருநாளும் உடைத்ததில்லை.

அந்த மாசியில்தான் ஹனோரா லவெல் வந்து நின்றாள். புருஷனை இழந்தவள், சின்னதாக ஒரு மதுக்கடை. ஞாயிறு மதியம் மூட வேண்டிய நேரத்தில் பக்கத்து டூரீன் கிராமத்து ஆட்கள் நாலு பேருக்கு ஊற்றினாள் என்று வழக்கு. முந்தின ராத்திரி படுத்த வீட்டிலிருந்து மூணு மைல் தாண்டி வந்தவன் சட்டப்படி வழிப்போக்கன், அந்த நேரத்திலும் அவனுக்கு ஊற்றலாம். ஒரு கஜம் குறைந்தாலும் குற்றம். ஏற்கனவே இரண்டு தடவை மாட்டியவள். மூன்றாவது என்றால் லைசென்ஸ் போச்சு, அடுப்பும் போச்சு.

"சங்கிலி போட்டு அளந்தேன் ஐயா. கடற்கரை வழியா ரெண்டே முக்கால் மைல்" என்றார் சார்ஜென்ட் கெரிகன்.

"நாங்க ரோட்டு வழியா வந்தோம் ஐயா!" என்று எழுந்தான் கார்மக் கில்பேன், குடித்த நாலு பேரில் மூத்தவன். "அது மூணே கால் மைல். கால் வலிக்குத்தான் குடிச்சதே."

"நீ எப்படி வந்தேங்கறது கணக்கில்ல. பொதுவழியில எது கிட்டமோ அதான் கணக்கு" என்றார் சார்ஜென்ட்.

"அது பொணம் போற வழி சார்ஜென்ட்" என்றாள் ஹனோரா. "என் கடைக்கு எவனும் பெட்டியில படுத்துக்கிட்டு வர்றதில்ல."

கோர்ட்டே சிரித்தது. மாலகி சிரிக்கவில்லை.

இருபது வருஷத்துக்கு முன்னால் நிலக்காரர் ஒருவர் அந்தக் கரையில் சுவர் எழுப்பினார். டூரீன்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சவப்பெட்டியைத் தோளில் தூக்கி அந்த வழியாகத்தான் கல்லறைக்குப் போவார்கள். மாலகிதான் அதைப் பொதுவழி என்று எழுதிச் சுவரை இடிக்க வைத்தார். டூரீனே அவரைத் தோளில் தூக்கிக் கொண்டாடியது. இப்போது அதே எழுத்து இந்தப் பெண்ணின் கழுத்துக்கு வந்திருக்கிறது. வழி இல்லை என்றால் நாளைக்கே சுவர் ஏறும். உண்டு என்றால் கடைக்குப் பூட்டு.

"அஞ்சு நிமிஷம்" என்று பின்னறைக்குப் போனார். ஆணியில் சொட்டிக்கொண்டிருந்த தன் ஈரக் கோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து, "குற்றம் நிரூபணம்" என்றார்.

கூட்டம் கலைந்ததும் ஹனோராவைப் பின்னறைக்குக் கூப்பிட்டார்.

"மேல் கோர்ட்டுக்குப் போம்மா. பதினாலு நாள் இருக்கு."

"போயி? உங்க தீர்ப்ப எவனும் உடைச்சதில்லன்னு கல்யாண வீடு, எழவு வீடு ஒண்ணு விடாம நீங்கதானே சொல்லிட்டுத் திரியிறீங்க?"

"திரியிறேன்தான். ஆனா அந்தப் பழைய சுவர்த் தீர்ப்புல ஒரு ஓட்டை இருக்கு. சவ ஊர்வலத்துக்கு மட்டும்னு எழுதியிருக்கணும். ஜனங்க கத்துன கத்துல எல்லாருக்கும்னு எழுதிட்டேன். மறுவாரமே எனக்குத் தெரியும். வாயத் தொறக்கல. உன் வக்கீல அதைப் புடிக்கச் சொல்லு. பொணத்துக்கும் வழி இருக்கும், உன் கடையும் இருக்கும்."

"அதை இப்ப நீங்களே திருத்தினா என்ன?"

"நான் எழுதி முத்திரை போட்டதை நானே அடிக்க முடியாதும்மா. மேல இருக்கிறவங்கதான் அடிக்கணும்."

அவள் ஆணியிலிருந்த கோட்டை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"உங்களுக்கு அசிங்கமாச்சே ஐயா."

"ஆமா. பேப்பர்காரன் பெரிசாத்தான் போடுவான்." கோட்டில் ஒரு கையை நுழைத்தார். இன்னொரு கை உள்ளே போக மறுத்தது. அவளே பிடித்து நுழைத்துவிட்டாள். "அப்பீல் காகிதத்துல என் கையெழுத்து வேணும். நாளைக்குக் காலையிலேயே வீட்டுக்கு வந்துடு. தள்ளிப் போட்டா எனக்கு மனசு மாறிடும்."

மறுநாள் ஏழு மணிக்கே அப்பீல் காகிதத்தோடு வந்து கதவைத் தட்டினாள். மாலகி கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒரு வரி விடாமல் படித்து, கையெழுத்துப் போட்டார்.