அன்று பாறையில் தொங்கியது யார்?

இது நடந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. பொங்கல் லீவு முடிந்து வந்த ஒரு சனிக்கிழமை, பாடாலூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கரட்டில், அதாவது சின்னப் பாறைக் குன்றில் நடந்தது. அன்று அங்கே நடந்ததையும், அதன் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததையும் இதுவரை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

நாங்கள் அரியலூரில் இருக்கிறோம். கணவர் ஒரு சிமெண்ட் ஆலையில் இன்ஜினியர். நான் தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரே மகள், ஆறாம் வகுப்பு படிக்கிறாள். பாறை ஏறுவதெல்லாம் நான் கனவிலும் நினைக்காத விஷயம். கணவரின் ஆபீஸில் சிலர் சேர்ந்து வாரக் கடைசியில் பாறை ஏறும் பயிற்சிக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒருவர் ஏறினால் இன்னொருவர் கீழே நின்று கயிறு பிடிக்க வேண்டும் என்பதால் ஜோடியாகத்தான் சேர முடியும். இவருடைய ஜோடிக்காரர் முட்டி வலிக்கிறது என்று ஆரம்பத்திலேயே நின்றுவிட்டார். வேறு ஆள் கிடைக்கவில்லை.

“நீ வாயேன். சும்மா கயித்த புடிச்சிக்கிட்டு நின்னா போதும்” என்றார். அப்படித்தான் நான் போனேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையை விட்டுவிட்டுப் பாறையில் என்ன வேலை என்று மாமியார் போனில் முணுமுணுத்தார். சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்குப் போய்க்கொள்கிறோம் என்று சமாதானம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

சொல்லிக்கொடுத்தது முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். வடக்கே பெரிய மலைகளில் முறையாகப் பயிற்சி எடுத்து, அதையே தொழிலாக வைத்திருப்பவள். மேலேயிருந்து கயிறு தொங்கும், அதைப் பிடித்துக்கொண்டு ஏறுவோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் கற்றுக்கொடுத்த மரபு முறையில் பாறையில் எதையும் அடித்து வைப்பதில்லை. சின்னச் சின்ன உலோகத் துண்டுகளை இடுப்பில் மாட்டிக்கொண்டு, ஏற ஏறப் பாறை வெடிப்புகளில் அவற்றைச் செருகி, அதில் கயிற்றைக் கோத்துக்கொண்டே போக வேண்டும். தவறி விழுந்தால் அந்தத் துண்டுதான் தாங்கும். பின்னால் வருபவர் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். பாறை இருந்தபடியே இருக்கும்.

ஏறுவதற்குச் சமமாக, மாட்டிக்கொண்டால் எப்படித் தப்பிப்பது என்பதையும் அவள் விடாமல் பழக்கினாள். “அக்கா, இங்க வந்து ஒங்கள யாரும் எறக்க மாட்டாங்க. ரெண்டு பேருதான் இருப்பீங்க. ஒருத்தருக்கு ஒண்ணுன்னா இன்னொருத்தருதான்” என்பாள். கண்ணை மூடிக்கொண்டு முடிச்சுப் போடச் சொல்வாள். ஹோம்வொர்க் மாதிரி அந்த முடிச்சுகளை நான் சமையல்கட்டு ஜன்னல் கம்பியில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எனக்கு அது ஏன் அவ்வளவு பிடித்துப்போனது என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. வெடிப்புக்குள் கையை விட்டுத் தடவி, சரியான அளவுத் துண்டைத் தேடிச் செருகி, இழுத்துப் பார்க்கும்போது அது அசையாமல் உட்காருமே, அந்த நிமிடம் ஒரு கணக்குக்கு விடை வந்த மாதிரி மனசு நிறைந்துவிடும். கல்யாணத்துக்குப் பிறகு எனக்கென்று நான் கற்றுக்கொண்ட முதல் விஷயம் அது.

கணவருக்கு அது அப்படி அமையவில்லை. ஏறும் பலம் அவருக்கு என்னைவிட அதிகம். பொறுமைதான் கிடையாது. அவர் செருகிய துண்டை அந்தப் பெண் ஒற்றை விரலால் எடுத்துக் காட்டி, “சார், இது ஒங்கள தாங்காது” என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். திரும்பி வரும்போது சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டே காரில் அவர் பொருமிக்கொண்டு வந்தார். பயிற்சி முடிந்த அன்று, “அக்காவுக்கு கை நல்லா வந்துருச்சு. நீங்க இன்னொரு சீசன் என்கூட ஏறுங்க சார், அப்புறம் தனியா போகலாம்” என்று அவள் சொன்னதை அவர் அவமானமாகவே எடுத்துக்கொண்டார். அடுத்து வந்த சனிக்கிழமையே, “நாம ரெண்டு பேரும் மட்டும் போவோம் வா” என்றார். பழகிய பாறைதானே என்று நானும் ஆசையாகத்தான் கிளம்பினேன்.

அவர் முன்னால் ஏறினார். நான் கீழே நின்று கயிறு கொடுத்தேன். பிறகு துண்டுகளைக் கழற்றிக்கொண்டே நானும் மேலே போய்ச் சேர்ந்தேன். சில துண்டுகள் தொட்டதுமே கையோடு வந்தன. அவர் முகம் சுருங்கும் என்று அதை அவரிடம் காட்டாமல் இடுப்பில் மாட்டிக்கொண்டேன். மேலே ஒரு பெரிய பாறையைச் சுற்றிக் கயிற்றைக் கட்டினோம். இறங்க வேண்டியதுதான் பாக்கி.

இறங்கும்போது, இடுப்பு வாரில் மாட்டிய ஒரு சின்னக் கருவிக்குள் கயிற்றை விட்டு, ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவ விட வேண்டும். கை தவறிவிட்டாலும் நம்மை நிறுத்துவதற்கு மெல்லிய கயிறு ஒன்றால் அதன் மேல் ஒரு சுருக்கு முடிச்சும் போட்டுக்கொள்ள வேண்டும். அவர் அந்தச் சுருக்கைப் போடவில்லை. “இவ்ளோ சின்ன எறக்கத்துக்கு அதெல்லாம் எதுக்கு?” என்றார். தொளதொளவென்று ஒரு புது டீ ஷர்ட் போட்டிருந்தார்.

“சட்டைய உள்ள விட்டுக்கங்க” என்றேன்.

“தெரியும் தெரியும். இங்கேயும் கிளாஸ் எடுக்காத” என்று சொல்லிவிட்டு இறங்க ஆரம்பித்தார்.

பாதி தூரம் போயிருப்பார். திடீரென்று என் பெயரைச் சொல்லி ஒரு அலறல். குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். சட்டையின் கீழ்ப்பக்கம் அந்தக் கருவிக்குள் போய்ச் சிக்கிக்கொண்டு, முழுச் சட்டையும் முறுக்கிக் கழுத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அவரால் மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. அவருக்குக் கீழே இன்னும் ஒரு பனைமர உயரம் இருந்தது. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அந்தப் பயிற்சிப் பெண் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அவருக்கு அந்த நேரத்தில் ஒன்றுமே நினைவில்லை. காலை உதைத்துக்கொண்டு, “மூச்சு முட்டுதுடி, மூச்சு முட்டுது” என்று கத்தினார். அப்புறம் ஒரு கையால் இடுப்பில் தொங்கிய மடக்குக் கத்தியை எடுத்துப் பல்லால் திறந்தார்.

சட்டையை அறுக்கப் பார்க்கிறார் என்று புரிந்தது. பாரம் தாங்கி விறைத்து நிற்கும் கயிற்றில் கத்தி லேசாகப் பட்டாலே போதும், அறுந்துவிடும். கயிற்றில் படாமல் சட்டை மட்டும் அறுந்தாலும், அவர் அந்த நடுக்கத்தில் கீழ்க்கயிற்றைப் பிடித்திருக்கவே இல்லை. நேராகக் கீழே போய்விடுவார்.

“கத்திய கீழ போடுங்க! நான் வரேன். கீழ போடுங்கன்னா போடுங்க!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். வகுப்பில்கூட நான் அப்படிக் கத்தியதில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையை விரித்தார். கத்தி கீழே கல்லில் பட்டுத் தெறிக்கும் சத்தம் கேட்டது.

அவசரத்துக்கு என்று இரண்டாவது கயிறு ஒன்று என் பையில் இருந்தது. அதையும் அதே பாறையில் கட்டினேன். முடிச்சைச் சரிபார்த்தேன். திரும்பவும் ஒருமுறை சரிபார்த்தேன். என் சுருக்கைப் போட்டுக்கொண்டு அவர் பக்கத்தில் இறங்கினேன். கை எட்டியதும் என் தோளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நானும் சேர்ந்து சுழல ஆரம்பித்தேன். “விடுங்க. என்னை விட்டாத்தான் வேல செய்ய முடியும்” என்று பேசிப் பேசித்தான் அந்தக் கையை எடுக்க வைத்தேன். சிக்கிய இடத்துக்கு மேலே அவர் கயிற்றில் சுருக்குப் போட்டு அவர் இடுப்பு வாரோடு இணைத்தேன். இன்னொரு கயிற்றில் வளையம் செய்து அதில் காலை வைக்கச் சொன்னேன். “இப்ப ஊன்றி எந்திரிங்க.” முதல் முறை முடியவில்லை. அழுதார். “ஏசுவே, ஏசுவே” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த முறை எழுந்தார். பாரம் என் சுருக்குக்கு மாறியது, கருவி தளர்ந்தது, சட்டையை உருவி எடுத்தேன். கிழிந்து கறுத்துப்போயிருந்தது. எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி, பேசிக்கொண்டே அவரை இறக்கி, நானும் கூடவே இறங்கினேன்.

தரையில் கால் பட்டதும் அப்படியே உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ இல்லன்னா நான் இன்னிக்கு...” என்றார். எங்கள் பதின்மூன்று வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் எனக்கு அவ்வளவு நெருக்கமாக இருந்த நேரம் வேறு இல்லை. பாடாலூரில் ரோட்டோரக் கடையில் டீ வாங்கினோம். காரில் ஏறியதும், “வூட்ல யாருகிட்டயும் சொல்லாத, என்ன? அம்மா பயந்துடும்” என்றார். சரி என்றேன். அவர் வெட்கப்படுகிறார், நாம் காப்பாற்றிக் கொடுப்போம் என்று நினைத்தேன். அந்தப் பயிற்சிப் பெண் போன் பண்ணி விசாரித்தபோதுகூட, நல்லபடியாக ஏறிவிட்டு வந்தோம் என்றுதான் சொன்னேன்.

கோடை விடுமுறையில் நாத்தனார் மகளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதல்முறையாக நற்கருணை வாங்கும் நாள். ஏலாக்குறிச்சி பக்கம் மாமியார் வீட்டில் விருந்து. பூசை முடிந்து வந்து பந்தி போட்டிருந்தோம். நான் பிரியாணிக்குத் தயிர் பச்சடி பரிமாறிக்கொண்டிருந்தேன். “மாப்ள, மல ஏறப் போறியாமே?” என்று உறவினர் ஒருவர் கேட்டார். கணவர் சிரித்துக்கொண்டே கதையைத் தொடங்கினார்.

“அத ஏன் கேக்குறீங்க. எறங்கும்போது பாதியில இவ சுடிதாரு மாட்டிக்கிச்சு. தொங்குறா. மூச்சு முட்டுதுன்னு கத்துறா. இதுல கத்திய வேற எடுத்துட்டா. நான் மேலேருந்து, கத்திய கீழ போடுடின்னு ஒரு சத்தம் போட்டேன் பாருங்க...”

நான் வாளியோடு அப்படியே நின்றுவிட்டேன். கதையில் ஒன்றுகூடப் பிசகில்லை. இரண்டாவது கயிறு, சுருக்கு, கால் வளையம், என் தோளைப் பிடித்தது, அழுதது, எல்லாம் வரிசையாக வந்தது. ஆளை மட்டும் மாற்றிவிட்டார். பந்தியே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. “நல்ல வேள நீ இருந்த மாப்ள” என்றார் கேட்டவர். மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. “ஏம்மா, பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலயெல்லாம்? எம்புள்ள இல்லன்னா என்னாயிருக்கும்?” என்று என் கன்னத்தைத் தடவினார். அடுத்த இலைக்கு நகர்ந்து பச்சடி போட்டேன்.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். “ஏங்க அப்படி மாத்தி சொன்னீங்க?”

“சும்மா சிரிக்கிறதுக்கு சொன்னது. அதப் போயி பெருசு பண்ற” என்றார்.

அதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். பள்ளி திறந்த பிறகு அந்தப் பயிற்சிப் பெண் மறுபடி போன் செய்தாள். பள்ளி மாணவிகளுக்கு ஒரு முகாம் நடத்தப்போவதாகவும், உதவிக்கு நான் வர வேண்டும் என்றும் சொன்னாள். “ஒங்க கை மேல எனக்கு நம்பிக்கை இருக்குக்கா” என்றாள். சாயங்காலம் டிபன் சாப்பிடும்போது ஆசையோடு வீட்டில் சொன்னேன். மகள்தான் முதலில் சிரித்தாள். “அம்மா, நீயா? நீதான் மாட்டிக்கிட்டு தொங்குனியே!”

“தொங்கினது நான் இல்ல பாப்பா” என்றேன். சொல்லிவிட்டு அவரைப் பார்த்தேன். அங்கே விருந்தாளி யாரும் இல்லை. நாங்கள் மூன்று பேர்தான்.

அவர் தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார்: “பயத்துல அம்மாவுக்கு அன்னிக்கு நடந்தது ஒண்ணுமே ஞாபகம் இல்ல பாப்பா. அதெல்லாம் இனிமே வேணாம், விடு.”

அந்த முகத்தில் பொய் சொல்லும் கூச்சம் ஏதாவது தெரிகிறதா என்று தேடினேன். தெரியவில்லை. மகள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள், பயந்த குழந்தையைச் சமாதானம் செய்வது மாதிரி. அப்போதுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. பாறையில் எட்டிப் பார்த்தபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை. அவள் அப்பா தன் கதையைத் தானே நம்பிவிட்டார், இனி நான் எவ்வளவு சொன்னாலும் அது எடுபடாது என்று தெரிந்துவிட்டது.

முகாமுக்கு வர முடியாது என்று அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். காரணம் கேட்டாள். வீட்டில் வேலை அதிகம் என்றேன். கயிறுகளும் துண்டுகளும் பரண்மேல் கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்தால் அவர் இன்னும் அந்தக் கதையைச் சொல்கிறார். நான் காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறேன்.

நாம் செய்த கெடுதலைக்கூட ஒருவர் மறந்துவிடக்கூடும், அவர் பயந்து அழுததை நாம் பார்த்துவிட்டதை மட்டும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது என்று எனக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பாறையில் மாட்டிக்கொண்டவரைப் பத்திரமாக இறக்கிக் கொண்டுவரும் வழியை அந்தப் பெண்ணிடம் கற்றுக்கொண்டேன். இறக்கிக் கொண்டுவந்த மனிதரோடு ஒரே வீட்டில் வாழும் வழியைத்தான் இன்னும் தனியாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.