பாலத்தில் ஒரு மணி நேரம்

நான் பாரிஸுக்குப் போனதில்லை. ஆனால் அங்கே கிழக்கு ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து வலது பக்கம் திரும்பி, மறுபடியும் வலது பக்கம் திரும்பி நேராக நடந்தால் இலங்கைத் தமிழர்களின் கடைகள் வரும் என்று எனக்குத் தெரியும். அங்கே இட்லி கிடைக்கும், முருங்கைக்காய் கிடைக்கும். வழியில் ஒரு ரொட்டிக் கடை இருக்கிறது, அதற்குப் பச்சைக் கதவு. நேரில் போய் வந்த மூன்று பேருக்கும் இது எதுவும் ஞாபகமில்லை. எனக்குத்தான் மறந்து தொலைய மாட்டேன் என்கிறது.

எங்களுக்குப் பள்ளிபாளையத்தில் தறிக்கூடம். என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து நடத்துகிறார்கள். துண்டும் படுக்கை விரிப்பும் தறியில் ஓட்டி வெளிநாட்டுக்கு அனுப்புகிற தொழில். ஒவ்வொரு குளிர்காலத்திலும் ஜெர்மனியில் ஒரு துணிக் கண்காட்சி நடக்கும். அண்ணனும் தம்பியும் பெட்டி நிறைய சாம்பிள் துண்டுகளை அடைத்துக்கொண்டு போவார்கள், தலைக்கு ஒரு சாக்லேட் டப்பாவோடு திரும்பி வருவார்கள். அந்த டப்பா காலியானதும் அதில் நானும் அண்ணன் மனைவியான என் ஓரகத்தியும் கடுகு, சீரகம் போட்டு வைப்போம். வெளிநாட்டோடு எங்களுக்கு இருந்த தொடர்பு அவ்வளவுதான்.

போன வருஷம் ஆர்டர் நன்றாக வந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மச்சாண்டார், அதாவது வீட்டுக்காரரின் அண்ணன், மாமனாரிடம் சொன்னார்.

“ஏனுங்கப்பா, இந்தத் தடவ பொம்பளைங்களயும் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கறோம். கண்காட்சி முடிஞ்சதும் அப்படியே ரயில்ல பாரிஸுக்குப் போயி, மூணு நாள் சுத்திப் பாத்துட்டு வந்தர்லாம்.”

மாமனார் சரியென்று தலையை ஆட்டினார். ஓரகத்தி கையிலிருந்த ரசக் கரண்டி அப்படியே நின்றது. அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மனசில் கள்ளம் கிடையாது. அன்று இரவே என் அறைக்கு வந்து, “எனக்கு ஒண்ணுந் தெரியாது கண்ணு. எங்க போறது, என்னத்தப் பாக்கறதுன்னு நீயே எல்லாம் பாத்துச் சொல்லீரு” என்றார்.

அந்த வீட்டில் இங்கிலீஷைப் படித்தால் புரிந்துகொள்கிறவள் நான் ஒருத்திதான். ஈரோட்டில் காலேஜ் படித்தேன். அந்தப் படிப்பு அதுவரை மருந்துச் சீட்டு படிக்கவும், கரண்டு பில்லை போனில் கட்டவும்தான் உதவியது. இப்போது ஒரு ஊரையே என் கையில் கொடுத்துவிட்டார்கள் என்று தலைகால் புரியவில்லை எனக்கு.

மத்தியானம் மாமனார் படுத்த பிறகு போனை எடுத்துக்கொண்டு உட்காருவேன். அதில் வரைபடத்தைத் திறந்து ஒரு தெருவில் விரலை வைத்தால், தெரு அப்படியே கண் முன்னால் விரியும். விரலாலேயே நடந்து போகலாம். நான் நடந்தேன். ஓட்டலிலிருந்து மெட்ரோ வரைக்கும், மெட்ரோவிலிருந்து ஈஃபில் டவர் வரைக்கும். எங்கே படி ஏற வேண்டும், அக்காவின் முழங்காலுக்கு எங்கே லிஃப்ட் இருக்கிறது, வெள்ளிக்கிழமை கவிச்சி சாப்பிடாத அவருக்கு என்ன கிடைக்கும், மச்சாண்டார் சொல்லிச் சொல்லி பயப்படுகிற ஜேப்படித் திருடர்கள் எந்த இடத்தில் அதிகம், எல்லாம் பார்த்தேன். முதல் நாள் டவர், படகு. இரண்டாம் நாள் பெரிய மியூசியம், பிறகு மலை மேலிருக்கும் வெள்ளைக் கோயில். மூன்றாம் நாள் காலையில் அரண்மனை, மத்தியானம் கடைத்தெரு.

இதெல்லாம் அவர்களுக்காக. எனக்கென்று ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டேன். கடைசி நாள் சாயங்காலம், பாலத்தில் ஒரு மணி நேரம்.

அந்த ஊர் ஆற்றின் மேல் ஒரு பழைய கல் பாலம் இருக்கிறது. ஓரத்தில் அரைவட்டமாக இடம் விட்டு, அதில் உட்காரக் கல்லிருக்கை போட்டிருக்கிறார்கள். படங்களில் பார்த்தேன். யார் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை தனியாக உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருக்கிறாள். ஒருத்தரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தப் படத்தை நான் எத்தனை தரம் பார்த்திருப்பேனோ தெரியாது.

ஆற்றைப் பார்க்காதவளா நான் என்று கேட்கலாம். பாலம் தாண்டினால் ஈரோடு. ஆஸ்பத்திரிக்கு, ஜவுளிக்கு, கல்யாணத்துக்கு என்று வாரத்தில் பாதி நாள் காவிரியைத் தாண்டுகிறேன். எல்லாம் காருக்குள்ளிருந்து. கண்ணாடி ஏற்றியிருக்கும், முன்னால் லாரி மறைக்கும், தண்ணீர் தெரிவதற்குள் கரை வந்துவிடும். ஒரு தரம் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டுப் போனபோது, கொஞ்சம் நிறுத்துங்கள் என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன். “பாலத்துல வண்டிய நிறுத்தக் கூடாது புள்ள” என்றார். அதுவும் சரிதான். அதற்கப்புறம் கேட்கவில்லை.

பாரிஸ் திட்டத்தை ராத்திரி சாப்பாட்டின்போது படித்துக் காட்டினேன். கடைசி வரி வந்ததும் வீட்டுக்காரர் நிமிர்ந்தார்.

“பாலத்துல ஒரு மணி நேரம் என்ன பண்றது?”

“சும்மா உக்கார்றதுதானுங்க.”

“சும்மா உக்கார அத்தன தூரமா?” என்று மச்சாண்டார் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அந்த வரியை எடுக்கவில்லை.

சென்னைக்குப் போய்க் கைரேகை வைத்து, விசாவும் வந்துவிட்டது. என் பாஸ்போர்ட்டில் அந்தத் தாளைத் தடவிப் பார்த்தேன். அக்காவுக்கும் எனக்கும் ஒரே நிறத்தில் கம்பளிக் கோட்டு வாங்கினோம். அப்போதுதான் மாமனார் ஆரம்பித்தார். அவர் போகாதே என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

“நீங்க சந்தோசமாப் போயிட்டு வாங்க சாமி. எனக்கென்ன, ஒரு கஞ்சியக் கிஞ்சியக் காச்சிக் குடிச்சுட்டுக் கெடக்கறேன்” என்றார்.

மாமனாருக்கு ஒரு நோயும் இல்லை. காலையில் தறிக்கூடத்தை நான்கு சுற்றுச் சுற்றி வந்து ஆட்களைத் திட்டிவிட்டுத்தான் பல்லே விளக்குவார். சமையலுக்கு ஆள் வைத்துவிட்டுப் போகிறேன் என்று சொன்னேன். பிறத்தியார் கைச்சோறு அவருக்கு இறங்காதாம். மருமகள் கையால் சாப்பிட்டுத்தான் பழக்கமாம். சந்தைக்குப் போனால் ஓட்டல் புரோட்டா மட்டும் எப்படியோ இறங்கிவிடும், அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சாயங்காலம் விளக்கு வைக்க வீட்டில் ஒரு பெண்பிள்ளை வேண்டாமா என்று அடுத்தது. இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்காரர் என்னிடம் வந்தார்.

“அண்ணி மூத்தவங்க. அவங்கள உட்டுட்டு உன்னயக் கூட்டிட்டுப் போனா நல்லா இருக்குமா? அடுத்த வருசம் பாத்துக்கலாம் புள்ள.”

ஏன் இருவரில் ஒருத்தி நிற்க வேண்டும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். அண்ணன் தம்பி இருவரில் ஒருத்தர் நின்று அப்பாவைப் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. “சரிங்க” என்று சொன்னேன். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சொல் எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அக்கா பாவம், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுதுவிட்டு, “அங்க வெத்தல கெடைக்குமா கண்ணு?” என்று கேட்டார். கிடைக்கும், அதே தமிழ்க் கடைத் தெருவில், என்றேன்.

திருடனுக்குப் பயந்து மூன்று பேருக்கும் உள்பாக்கெட் தைத்துக் கொடுத்ததும் நான்தான்.

அவர்கள் பாரிஸில் இறங்கியதிலிருந்து என் போன் ஓயவில்லை. “ஸ்டேசனுக்கு வெளிய வந்துட்டோம், இப்ப எங்குட்டு?” என்பார் வீட்டுக்காரர். நான் அடுப்படியில் நின்றபடி சொல்வேன். வலது பக்கம் திரும்புங்க, பச்சைக் கதவு ரொட்டிக் கடை வருதுங்களா, அதைத் தாண்டிப் போங்க. மெட்ரோவில் எந்தக் கதவு வழியாக வெளியே வருவது என்றுகூட என்னைத்தான் கேட்டார்கள். ஒருநாள் மாமனாருக்குத் தோசை ஊற்றிக்கொண்டே அவர்களை டவருக்கு வழி காட்டிக்கொண்டிருந்தேன். தோசை கருகிவிட்டது. “என்ன அம்மிணி, நெனப்பெல்லாம் எங்க இருக்குது?” என்றார் மாமனார். எங்கே இருக்குமாம்?

கடைசி நாள் நமக்குச் சாயங்காலம் நெருங்கும் நேரம், அங்கே மத்தியானம். அக்கா கூப்பிட்டார். கண்ணாடிக் கூரை போட்ட பெரிய கடைக்குள் இருந்தார்கள்.

“இங்க பாக்கப் பாக்க ஆசையா இருக்குது கண்ணு. பொழுதுக்கும் இங்கயே இருந்துட்டுப் போயர்லாம்னு இருக்கறோம். அந்தப் பாலத்த உட்டர்லாமா? எங்கூட்டுக்காரரும் சொல்றாங்க, நம்மூர்ல இல்லாத பாலமான்னு.”

“உட்டுருங்க அக்கா” என்றேன்.

போனை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அது என்னுடைய வரி. நான் போகாவிட்டாலும், எனக்காக யாராவது ஒருத்தர் அங்கே ஒரு நிமிஷம் உட்காருவார்கள் என்று எனக்கே தெரியாமல் காத்திருந்திருக்கிறேன். மாமனாருக்குக் காபியைக் கொடுத்துவிட்டு, “கடைக்குப் போயிட்டு வாரேனுங்க மாமா” என்று செருப்பை மாட்டினேன். ஆட்டோ பிடித்துக் காவிரிப் பாலத்தின் முனையில் இறங்கிக்கொண்டேன். நடு ஆறு வரைக்கும் நடந்து, கைப்பிடிச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

தண்ணீர் கொஞ்சமாகத்தான் போனது. ஒரு பக்கம் ஆகாயத்தாமரை அடைத்திருந்தது. பாறை மேல் இரண்டு கொக்கு. பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனாலும் நெஞ்சுக்குள் இறுகிக் கிடந்தது கொஞ்சம் இளகுவது போல் இருந்தது. அதற்குள் பின்னால் ஒரு பைக் நின்றது. எங்கள் தறிக்கூடத்தில் பாவு நூல் பிணைக்கிற ஆள்.

“ஏனுங்க அக்கா, வண்டி ரிப்பேருங்களா?”

“இல்லப்பா, சும்மாதான்.”

அவர் போகவில்லை. பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டு, கொஞ்சம் தள்ளி, ஆனால் தாவினால் பிடித்துவிடுகிற தூரத்தில் நின்றுகொண்டார். அடுத்து ஒரு மொபெட் நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண்ணை எனக்கு யாரென்றே தெரியாது. நேராக வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“எதா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாஞ் சாமி. ஊட்டுல இருக்கறவங்கள நெனச்சுப் பாரு.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஆற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு தனியாக ஒரு பொம்பளை நின்றால் இந்த ஊரில் அதற்கு அது ஒன்றுதான் அர்த்தம். “நான் தண்ணி பாக்க வந்தேனுங்க” என்றேன். அப்படிச் சொன்னது இன்னும் மோசமாகப் போயிற்று. கூட்டம் சேர்ந்தது. யார் வீட்டு அம்மா என்று ஒருத்தர் கேட்க, இன்னார் வீட்டு அம்மா என்று இன்னொருத்தர் சொன்னார். அவமானத்தில் காது சுட்டது. பைக்காரர் அதற்குள் முதலாளிக்குப் போன் போட்டுவிட்டார். உடனே என் போன் அடித்தது.

“பாலத்துல என்ன பண்றே புள்ள?” வீட்டுக்காரரின் குரல் நடுங்கியது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் குரல் எனக்காக நடுங்கி நான் கேட்டதில்லை.

“சும்மா நிக்கறேனுங்க.”

பிறகு சொன்னார். “நாங்க இப்பவே அந்தப் பாலத்துக்குப் போறோம். போயிப் போட்டோ எடுத்து அனுப்பறேன், செரியா? நீ ஊட்டுக்குப் போ.” பக்கத்தில் அக்கா பதறுவது கேட்டது. அப்புறம் வீட்டுக்காரரே, “ஆமா, இங்கிருந்து எப்படிப் போறது?” என்றார்.

ஊரே என்னைப் பார்த்துக்கொண்டிருக்க, காவிரிப் பாலத்தின் நடுவில் நின்றுகொண்டு நான் வழி சொன்னேன். கடைக்குக் கீழேயே மெட்ரோ இருக்குதுங்க, ஏழாம் நம்பர், அந்தப் பாலத்துப் பேர்லயே ஸ்டேசன், இறங்கி மேல வந்தா எதுத்தாப்புல ஆறு. சொல்லி முடித்ததும் அந்தப் பெண் என்னை மொபெட்டில் பின்னால் உட்கார வைத்தாள். பைக்காரர் வீடு வரைக்கும் கூடவே வந்தார்.

அதிலிருந்து நான் எங்கே கிளம்பினாலும் யாராவது ஒருத்தர் கூட வருகிறார்கள். ஈரோட்டுக்குப் போகும்போது பாலம் வந்தால் வீட்டுக்காரர் கார்க் கதவுகள் பூட்டியிருக்கின்றனவா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொள்கிறார். அடுத்த வருஷம் பாரிஸ் என்ற பேச்சு அப்புறம் எழவில்லை.

சொன்னபடி போட்டோ வந்தது. வழியில் போன யாரோ எடுத்துக் கொடுத்தது. அரைவட்டக் கல்லிருக்கையின் முன்னால் மூன்று பேரும் கோட்டுப் போட்டுக்கொண்டு, தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். பின்னால் ஆறு தெரியவில்லை, மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அதைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, ஹாலில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் இது என்ன இடம் என்று கேட்கிறார்கள். அவர்கள் மூன்று பேருக்கும் பெயர் வாயில் வருவதில்லை. காபித் தட்டோடு வருகிற என்னைப் பார்த்து, “நீ சொல்லு” என்கிறார்கள். நான்தான் சொல்கிறேன்.