தொப்புளில் வைத்த சாம்பல்

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போன பிறகு வந்த வருடங்களில்தான் நான் நர்ஸ் படிப்பில் சேர்ந்தேன். மாசேர் என்று நாங்கள் கூப்பிட்ட கன்னியாஸ்திரீ ஒருவர் பாடம் நடத்துவார். புத்தகம் பிரெஞ்சில் இருக்கும். அவர் அரைகுறைத் தமிழில் சொல்வார். ஆஸ்பத்திரியில் இருக்கிற சாமான்களை நம்பிப் படிக்காதீர்கள், நீங்கள் போகப்போகிற ஊரில் எதுவும் இருக்காது என்பது அவர் தினமும் சொல்வது. அதனால் சோற்றுப் பானையில் கத்தரிக்கோலைக் கொதிக்க வைக்கவும், பழைய வேட்டியைக் கிழித்துச் சுருட்டி இட்லிப் பானையில் அவித்தெடுக்கவும் கற்றுக்கொண்டோம்.

விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில்காரிதான் என் தோழி. மேற்கே ஒரு கிராமத்திலிருந்து வந்தவள். விவசாயக் குடும்பம். நான் டவுனில் பிறந்த கிறிஸ்தவப் பெண். ஞாயிற்றுக்கிழமை நான் பூசைக்குப் புறப்படும்போது அவள்தான் எனக்குத் தலை பின்னி விடுவாள்.

அவளுடைய அக்கா முதல் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். லீவில் போன தோழி புது பிளேடு, நூல், அவித்த துணி எல்லாவற்றையும் பொட்டலமாகக் கட்டி அம்மாவிடம் கொடுத்து, கொதிக்க வைக்கும் விதத்தைச் செய்தே காட்டிவிட்டு வந்தாள். அந்தத் தெருவில் யாருக்குப் பிரசவம் என்றாலும் மருத்துவச்சிக்குத் துணையாகப் போய் நிற்பவர் அந்த அம்மா.

ஆண் குழந்தை என்று செய்தி வந்தது. தோழி வார்டு முழுக்கக் கற்கண்டு கொடுத்தாள்.

ஒரு வாரம் கழித்து அந்தக் குழந்தையை அக்காவும் அம்மாவும் மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். தாடை இறுகிப்போயிருந்தது. பால் குடிக்க வாய் திறக்கவில்லை. யாராவது தொட்டால் உடம்பு வில்லாக வளைந்தது. கிராமத்தில் அதை இசிவு என்பார்கள். எங்கள் பாடத்தில் அதற்கு ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ் என்று பெயர். பச்சைக் குழந்தைக்கு வந்தால் பிழைப்பது அரிது என்று அப்போதுதான் படித்து முடித்திருந்தோம்.

தோழி துணியை விலக்கிப் பார்த்தாள். தொப்புளைச் சுற்றிச் சாம்பல் அப்பியிருந்தது.

“யாரும்மா இத வச்சது?”

“நான்தான். நீ சொன்னாப்பலயே எல்லாத்தையும் கொதிக்க வச்சிதான் அறுத்தோம். அப்புறமும் ஈரமாவே இருந்துச்சி. காயட்டும்னு வறட்டிச் சாம்பல வச்சேன். அதப்பத்தி நீ ஒண்ணும் சொல்லலையே.”

தோழி பஞ்சை நனைத்தாள். சாம்பலைத் துடைக்க ஆரம்பித்தாள்.

வெளிச்சமும் சத்தமும் பட்டால் இழுப்பு அதிகமாகும் என்பதால் ஒரு சின்ன அறையின் ஜன்னல்களுக்குக் கம்பளி கட்டி மறைத்தோம். செருப்பில்லாமல் நடந்தோம். அக்கா வராந்தாவில் உட்கார்ந்து டம்ளரில் பாலைப் பீய்ச்சிக் கொடுப்பாள். அதைத் தோழி மூக்குக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விடுவாள். பக்கத்து மாதா கோயிலில் மணி அடிக்கும்போதெல்லாம் குழந்தை விறைத்தது. பிறந்ததிலிருந்து நான் கேட்டு வளர்ந்த மணி அது. அந்த நாட்களில் அது நிற்காதா என்று தவித்தேன்.

ஒரு மத்தியானம் குழந்தை மூச்சை நிறுத்திக்கொண்டது. அக்கா பால் கட்டிக்கொண்ட மார்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுடைய அம்மா தோழியைத் தனியே கூப்பிட்டார்.

“நான் வச்ச சாம்பலாலயா?”

“இல்லம்மா. சில புள்ளைங்களுக்கு இப்படி வந்துடுது.”

மாசேர் அருகில்தான் நின்றிருந்தார். அவர்கள் வண்டியேறிப் போகும்வரை காத்திருந்தார். பிறகு தோழியின் தோளில் கை வைத்து, “உன் அம்மா இன்னொரு வீட்டுக்குப் போவாங்க. அங்கேயும் சாம்பல் வைப்பாங்க. அப்புறம்?” என்று கேட்டார்.

சில வாரங்கள் அவள் ஊருக்கே போகவில்லை. பிறகு ஒருநாள் என்னையும் கூட வரச்சொன்னாள். நாங்கள் போனபோது அவளுடைய அம்மா முற்றத்தில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். தோழியும் உட்கார்ந்து உடைத்தாள். ஒரு பிடி உடைத்து முடித்ததும், அந்தச் சாம்பலால்தான் என்று சொல்லிவிட்டாள்.

“அப்ப நான்தான் கொன்னுட்டேனா?”

“சாணியில இருக்கற கிருமிம்மா. வறட்டி எரிஞ்சாலும் அது முழுசா சாவாது. உனக்குத் தெரியாது. நானும் சொல்லாம வுட்டுட்டேன்.”

அந்த அம்மா கையிலிருந்த கடலையை உடைத்து முறத்தில் போட்டார். “வெயில்ல வந்திருக்கீங்க, சாப்ட்டுட்டுப் போங்க” என்று எழுந்து அடுப்பங்கரைக்குப் போனார். மொச்சைக்கொட்டைக் குழம்பு வைத்திருந்தார். நாங்கள் சாப்பிட்டோம். அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் தோழி கேட்டாள், “சொல்லாம இருந்திருக்கலாமோ?”  இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவளுடைய அம்மா எந்தப் பிரசவத்துக்கும் போகவில்லை. தெருவில் குழந்தை பிறந்த வீட்டு வாசல்வரை போய், “தொப்புளுக்கு ஒண்ணும் வைக்காதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாராம். உள்ளே கூப்பிட்டாலும் போகமாட்டாராம்.

அக்காவுக்கு அடுத்தது பெண் குழந்தை. எங்கள் ஆஸ்பத்திரியில்தான் பிறந்தது. நாங்கள் இருவரும் படிப்பு முடித்து வேலையில் இருந்தோம். தோழியே பிரசவம் பார்த்தாள். குழந்தையைக் குளிப்பாட்டித் துணி சுற்றி வராந்தாவில் நின்ற அம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினாள். அவர் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

“நீயே வச்சிக்கம்மா. நான் இங்கேர்ந்தே பாக்கறேன்.”

தோழி குழந்தையின் முகத்தை அம்மா பக்கம் திருப்பிக் காட்டினாள். குழந்தை நன்றாக வாயைத் திறந்து அழுதது. பிறகு அதை உள்ளே கொண்டுபோய் அக்காவின் பக்கத்தில் போட்டாள்.